நெட்வொர்க் ஸ்பீக்கருக்கு ஸ்விட்ச்சும் பவரும் செட் பண்றது எப்படி, முதல்ல இருந்து கடைசி வரை

பதினாறு ஸ்பீக்கர் மாட்டின ஒரு ஹால். எல்லாமே நெட்வொர்க்ல ஓடுற ஸ்பீக்கர், கரண்டும் அதே கேபிள்ல போகுது. ஸ்விட்ச்ச, அதாவது நெட்வொர்க் கேபிள் எல்லாம் வந்து சேர்ற பெட்டிய, ஆன் பண்ணி ஒரு பாட்ட ரெண்டு நிமிஷம் போட்டு பார்த்தோம், சுத்தமா இருந்துச்சு, கை குலுக்கிட்டு சாப்பிட போயிட்டோம். திரும்பி வந்தா பாதி ஸ்பீக்கர்ல சத்தமே இல்ல, மீதில டிக் டிக்னு கேக்குது. ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகிடும், மறுபடி நாலு நிமிஷம் தாண்டினா அதே கதை. கேபிள மாத்தினேன், ஸ்பீக்கர மாத்தினேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எல்லாத்தையும் மாத்தினேன். தப்பு ஒரே ஒரு டிக் பாக்ஸ்ல இருந்துச்சு. அது என்னன்னு கீழ சரியான இடத்துல சொல்றேன், ஏன்னா அது புரியணும்னா முன்னாடி இருக்கிறது புரிஞ்சிருக்கணும்.

முதல்ல ஒரு தப்பான பயத்த தூக்கி போட்டுடலாம். ஸ்பீக்கர் நெட்வொர்க்னாலே எல்லாரும் முதல்ல கேக்கிறது ஸ்பீடு பத்திதான், பத்து ஜிகாபிட் வேணுமா, இந்த ஸ்விட்ச் தாங்குமான்னு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஆடியோ ஒரு சேனலுக்கு செகண்டுக்கு 1.152 மெகாபிட் தான், பாக்கெட்டோட (டேட்டா போற சின்ன சின்ன கட்டு) தலைப்பு எல்லாம் சேர்த்தா ஏறக்குறைய ஒன்றரை மெகாபிட். டான்டேல, அதாவது ஆடியோவ நெட்வொர்க்ல அனுப்புற ஒரு முறைல, நாலு சேனல் சேர்ந்து போற ஒரு ஃப்ளோ சுமார் 6 மெகாபிட். ஒரு ஜிகாபிட் லைன்ல நூத்துக்கணக்கான சேனல் போகும். அதனால ஸ்பீடு பிரச்சனை பெரும்பாலும் வராது. வர்ற பிரச்சனை ரெண்டு தான், ஒண்ணு நேரம், இன்னொண்ணு கரண்ட். பாக்கெட் சரியான மைக்ரோசெகண்டுல போய் சேரணும், ஸ்பீக்கருக்கு சத்தம் ஏறுற நேரத்துல வாட் குறையக்கூடாது. இந்த வழிகாட்டி முழுக்க இந்த ரெண்டுதான்.

உங்க ஸ்பீக்கர் எந்த பாஷை பேசுதுன்னு பாருங்க

ஸ்விட்ச் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்பீக்கரோட டேட்டா ஷீட்ட எடுங்க. டான்டேயா, ஏஇஎஸ் 67ஆ, இல்ல ஏவிபி, மிலன் வகையான்னு பாருங்க, இதெல்லாம் ஆடியோவ நெட்வொர்க்ல அனுப்புற வேற வேற முறைங்க. டான்டேயும் ஏஇஎஸ் 67ம் சாதாரண மேனேஜ்டு ஸ்விட்ச்ல (உள்ள போய் செட்டிங் மாத்தக்கூடிய ரகம்) ஓடும். ஏவிபி, மிலன் அப்படி இல்ல, ஸ்விட்ச்சே அந்த ஸ்டாண்டர்ட பேசணும், ஏன்னா அங்க பேண்ட்வித்த ரிசர்வ் பண்றதும் நேரத்த கடத்துறதும் ஸ்விட்ச்சோட வேலை. ஏவிபி ஸ்பீக்கர் வாங்கிட்டு சாதாரண ஸ்விட்ச்ல சொருகிட்டு ஏன் வரலன்னு உக்காந்திருக்கிறவங்கள பார்த்திருக்கேன். இந்த கட்டுரைல பெரும்பாலும் டான்டே, ஏஇஎஸ் 67 பக்கம்தான் பேசுறேன், பவர் விஷயம் எல்லாருக்கும் பொது.

இன்னொண்ணு, ஸ்பீக்கர் கரண்ட எங்க இருந்து எடுக்குதுன்னு பாருங்க. நெட்வொர்க் கேபிள்லயே எடுக்கிற பிஓஇ ஸ்பீக்கர் ஒரு ரகம். ஆடியோ மட்டும் நெட்வொர்க்ல, கரண்ட் தனியா சுவர் பிளக்ல இருந்து எடுக்கிறது இன்னொரு ரகம். ரெண்டுக்கும் கணக்கு வேற வேற.

பிஓஇ கணக்கு: இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க

பிஓஇ மூணு தலைமுறையா வந்திருக்கு. 2003ல வந்த 802.3ஏஎஃப், ஸ்விட்ச் போர்ட்ல 15.4 வாட் தரும், ஸ்பீக்கர் பக்கம் உறுதியா கிடைக்கிறது 12.95 வாட். 2009ல வந்த 802.3ஏடி, அதைத்தான் பிஓஇ பிளஸ்னு சொல்றாங்க, போர்ட்ல 30, ஸ்பீக்கர்ல 25.5. 2018ல வந்த 802.3பிடில டைப் 3 போர்ட்ல 60 வாட், ஸ்பீக்கர்ல 51. டைப் 4 போர்ட்ல 90, ஸ்பீக்கர்ல 71.3.

நடுவுல காணாம போற வாட் எங்க போகுதுன்னு ஒரு தடவை கணக்கு போட்டு பாருங்க, அப்புறம் கேபிள் விஷயத்துல அலட்சியமே வராது. பிஓஇ பிளஸ்ல கேபிள் வழியா 0.6 ஆம்பியர் போகுது, 100 மீட்டர் கேபிளோட ரெசிஸ்டன்ஸ் அதிகபட்சம் 12.5 ஓம்னு எடுத்துக்கிறாங்க. 0.6 பெருக்கல் 0.6 பெருக்கல் 12.5, வர்றது 4.5 வாட். 30ல 4.5 போனா 25.5. அந்த நாலரை வாட் கேபிளுக்குள்ள சூடா போயிடுது. இப்ப அந்த கேபிள் காப்பருக்கு பதிலா அலுமினியத்து மேல காப்பர் பூசினதா இருந்தா ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும், சூடு ஏறும், ஸ்பீக்கருக்கு வோல்டேஜ் இறங்கும், சத்தம் ஏறுற நேரம் பார்த்து ரீபூட் ஆகும். சிசிஏன்னு பெட்டில சின்னதா எழுதியிருப்பான், விலை குறைவா இருக்கும், கையில எடுத்தா வெயிட் கம்மியா இருக்கும். பிஓஇ ஸ்பீக்கருக்கு அத தொடவே தொடாதீங்க. முழு காப்பர், கேட் 6, சுவருக்குள்ள 90 மீட்டர், ரெண்டு பக்க பேட்ச் கார்டும் சேர்த்து மொத்தம் 100 மீட்டருக்குள்ள.

அடுத்தது ஸ்விட்ச்சோட மொத்த பட்ஜெட். 24 போர்ட் பிஓஇ பிளஸ் ஸ்விட்ச்னு போட்டிருந்தா 24 போர்ட்லயும் ஒரே நேரத்துல 30 வாட் கிடைக்கும்னு அர்த்தம் இல்ல. பெட்டில இன்னொரு நம்பர் இருக்கும், மொத்த பிஓஇ பட்ஜெட்டுன்னு. அது 370 வாட்டா இருந்தா 24 போர்ட்டுக்கு பிரிச்சா தலைக்கு 15.4 தான் வருது, அதாவது பழைய ஏஎஃப் அளவு. 30 வாட் கணக்குல 12 ஸ்பீக்கர் வச்சா 360 வாட், மிச்சம் 10. அதே 24 போர்ட் ஸ்விட்ச்லயே 195 வாட் பட்ஜெட் மாடலும் உண்டு, அதுல 30 வாட் கணக்குல 6 ஸ்பீக்கர் தான், ஏழாவது ஸ்பீக்கர சொருகினா விளக்கே எரியாது, மீதி பதினெட்டு போர்ட்டும் சும்மா அழகுக்கு.

இங்க ஒரு நுணுக்கம். சில ஸ்விட்ச் ஸ்பீக்கர் தன்னை என்ன கிளாஸ்னு (எத்தனை வாட் வரைக்கும் வேணும்ங்கிற வகை) சொல்லுதோ அதுக்கு முழு வாட்டையும் ஒதுக்கி வச்சிடும், ஸ்பீக்கர் சும்மா இருந்தாலும் சரி. வேற சில ஸ்விட்ச் இப்ப உண்மையா எவ்வளவு இழுக்குதோ அத மட்டும் கணக்குல எடுக்கும். ரெண்டாவது ரகம் தாராளமா தெரியும், நிறைய ஸ்பீக்கர் ஏத்திக்கலாம். ஆனா எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்துல பலமா பாடும்போது பட்ஜெட் தாண்டிடும், அப்போ ஸ்விட்ச் ஏதாவது ஒரு போர்ட்ட வெட்டும். வீட்டு கேமராவுக்கு இது பரவால்ல. ஸ்பீக்கருக்கு கூடாது, ஏன்னா ஸ்பீக்கர் எல்லாமே ஒரே பாட்டத்தான் பாடுது, ஏறினா எல்லாம் சேர்ந்துதான் ஏறும். நான் எப்பவும் கிளாஸ் முறைலயே கணக்கு போட்டு, அதுக்கு மேல கால்வாசி மிச்சம் வைப்பேன். எட்டு ஸ்பீக்கர், தலைக்கு 30, மொத்தம் 240, கால்வாசி சேர்த்து 300, அப்போ 370 வாட் ஸ்விட்ச். கஞ்சத்தனம் பண்ணி 250 வாட் மாடல் எடுத்தா பின்னாடி ஒரு ஸ்பீக்கர் சேர்க்கணும்னாகூட ஸ்விட்ச்சையே மாத்தணும்.

சரி, 25 வாட் எடுக்கிற ஸ்பீக்கர் எப்படி அவ்வளவு சத்தம் போடுதுன்னு கேப்பீங்க. பாட்டுல உச்சம் வர்ற நேரம் ரொம்ப கொஞ்சம், சராசரி அதுக்கு ரொம்ப கீழ. ஸ்பீக்கருக்குள்ள ஒரு கெப்பாசிட்டர் தொட்டி இருக்கும், அமைதியான நேரத்துல நிரம்பும், டிரம் அடி விழும்போது கொட்டும். அதனால பாட்டுக்கு ஓடுற ஸ்பீக்கர் பிங்க் நாய்ஸ (டெஸ்ட்டுக்கு போடுற, நிக்காத இரைச்சல்) அதே சத்தத்துல ரொம்ப நேரம் போட்டா உள்ள இருக்கிற லிமிட்டர் சத்தத்த அமுக்கிடும், அது பழுது இல்ல. டெஸ்ட் பண்றவங்க இத தெரியாம ஸ்பீக்கர திருப்பி அனுப்பிடுறாங்க.

எல்எல்டிபின்னு ஒண்ணு இருக்கு, ஸ்விட்ச்சும் ஸ்பீக்கரும் எனக்கு இவ்வளவு வாட் வேணும்னு பேசிக்கிற வழி. சில ஸ்பீக்கர் இது இல்லனா 12.95 வாட்லயே நின்னுக்கும், சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியா இருக்கும், எந்த எரரும் காட்டாது. ஸ்விட்ச்ல எல்எல்டிபி ஆன்ல இருக்கான்னு பாருங்க, ஸ்பீக்கரோட சாஃப்ட்வேர்ல அது பிஓஇயா பிஓஇ பிளஸ்ஸான்னு என்ன காட்டுதுன்னும் பாருங்க.

24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டர்னு கிடைக்கும், அது எதையும் விசாரிக்காம நேரா கரண்ட ஏத்திடும். ஸ்பீக்கர் பக்கமே வர வேணாம்.

சுவர் பிளக்ல ஓடுற ஸ்பீக்கரா?

அப்போ பிஓஇ பட்ஜெட் தலைவலி இல்ல, வேற தலைவலி இருக்கு. உள்ள ஆம்ப் இருக்கிற ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் ஒரு பவர் சப்ளை, அதுல பெரிய கெப்பாசிட்டர், ஆன் பண்ண அந்த நொடில அது காலியா இருக்கிறதால பல மடங்கு கரண்ட இழுக்கும். ஒரு ஸ்பீக்கர்னா ஒண்ணும் ஆகாது, பத்து ஸ்பீக்கர ஒரே சுவர் சுவிட்ச்ல தட்டினா எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா விழுற பிரேக்கர்) விழும். பி வகை எம்சிபி ரேட்டிங்ல 3ல இருந்து 5 மடங்கு வந்தாலே உடனே விழும், சி வகை 5ல இருந்து 10 மடங்கு வந்தாதான் உடனே விழும். ஆனா சும்மா எம்சிபிய பெருசாக்கி சமாளிக்காதீங்க, வயர் அந்த கரண்டுக்கு போட்டிருக்கணும், இது எலக்ட்ரீஷியன் முடிவு பண்ற விஷயம். சரியான வழி பவர் சீக்வென்சர், ஒவ்வொரு அவுட்லெட்டா ஒண்ணு ரெண்டு நொடி இடைவெளி விட்டு ஆன் பண்ணும்.

எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு கணக்கு போட ஸ்பீக்கர் பெட்டில இருக்கிற 1000 வாட்ட எடுத்து ஸ்பீக்கர் எண்ணிக்கையால பெருக்காதீங்க, அது உச்சம். டேட்டா ஷீட்ல எட்டுல ஒரு பங்கு பவர்ல எவ்வளவு கரண்டுன்னு ஒரு வரி இருக்கும், அதாவது உச்சத்துக்கு 9 டெசிபல் கீழ, பலமா போடுற பாட்டோட சராசரி ஏறக்குறைய அதுதான். அந்த நம்பர வச்சு கூட்டுங்க.

ஆன் பண்ற வரிசை: ஸ்விட்ச் முதல்ல, அது முழுசா எழுந்திருக்க ஒண்ணு ரெண்டு நிமிஷம், அப்புறம் மிக்ஸர், டிஎஸ்பி (சத்தத்த பதப்படுத்துற பெட்டி), கடைசியா ஸ்பீக்கர். ஆஃப் பண்றது தலைகீழ. பிஓஇல ஸ்விட்ச்சும் ஸ்பீக்கரும் சேர்ந்துதான் எழுந்திருக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

ஹம் சத்தம் பத்தி ஒரு வார்த்தை. நெட்வொர்க் போர்ட்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதால சாதாரண யுடிபி கேபிள் (ஷீல்டு இல்லாதது) எர்த் லூப்ப, அதாவது எர்த் வழியா கரண்ட் சுத்தி ஓடி ஹம் வர்றத, உண்டாக்காது, அனலாக் கேபிள்ல பட்ட பாடு இங்க இல்ல. ஆனா ஷீல்டு போட்ட கேபிள மெட்டல் கனெக்டரோட ரெண்டு பக்கமும் மாட்டினா ஷீல்டு வழியா ரெண்டு பெட்டியோட எர்த்தும் சேர்ந்துடும். ரெண்டு இடமும் வேற வேற எர்த்ல இருந்தா அந்த ஷீல்டுல கரண்ட் ஓடும். தேவை இல்லனா யுடிபியே போதும். ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்கு போகணும்னா காப்பரே வேணாம், ஃபைபர் போடுங்க, இடி மின்னல் அந்த வழியா வராது.

ஸ்விட்ச்ச எப்படி அடுக்குறது

நடுவுல ஒரு ஸ்விட்ச், அதுல இருந்து ஒவ்வொரு ராக்குக்கும் ஒண்ணு, அவ்வளவுதான். ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா சங்கிலி மாதிரி கோர்க்காதீங்க. டான்டேல லேட்டன்சி (சத்தம் போய் சேர்ற தாமதம்) செட்டிங்கே வழில எத்தனை ஸ்விட்ச் இருக்குன்னு பார்த்துதான் வைக்கிறது. ஒரு ஸ்விட்ச்னா 0.15 மில்லிசெகண்ட், மூணு வரைக்கும் 0.25, அஞ்சு வரைக்கும் 0.5, பத்து வரைக்கும் 1 மில்லிசெகண்ட். சின்ன ஸ்பீக்கர்ல வர்ற அல்டிமோங்கிற டான்டே சிப் ஒரு மில்லிசெகண்டுக்கு கீழ போகாது. 1 மில்லிசெகண்ட்னு பயப்படாதீங்க, அந்த நேரத்துல சத்தம் காத்துல 34 சென்டிமீட்டர் தான் போகும், நீங்க ஒரு அடி பின்னாடி நகர்ந்து நின்னா அதே வித்தியாசம்.

சில ஸ்பீக்கர்ல ரெண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கும், ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு கோர்க்கலாம். கேபிள் மிச்சம் தான். ஆனா நடுவுல ஒரு ஸ்பீக்கருக்கு கரண்ட் போனா அதுக்கு பின்னாடி இருக்கிறது எல்லாம் ஊமை. முடிஞ்ச வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் தனி கேபிள். அந்த ரெண்டு போர்ட்டும் ஸ்விட்ச்டு மோடுல இருக்கும்போது ரெண்டையும் ஒரே ஸ்விட்ச்ல சொருகினா லூப், நெட்வொர்க் மொத்தமும் மூச்சு திணறும். ரிடண்டன்ட் மோடுல (ஒரு நெட்வொர்க் போனா இன்னொண்ணு தாங்குற மாதிரி) வச்சா பிரைமரி ஒரு நெட்வொர்க், செகண்டரி முழுக்க வேற நெட்வொர்க், ரெண்டும் எங்கயும் தொடக்கூடாது.

இப்ப நான் ரொம்ப அடிச்சு சொல்ற ஒரு விஷயம். ரிடண்டன்ட்டுக்கு காசு இல்லனாலும் ரெண்டு ஸ்விட்ச் வாங்குங்க, 24 போர்ட் ஒண்ணுக்கு பதிலா 12 போர்ட் ரெண்டு, பட்ஜெட்டும் பாதி பாதி. ஸ்பீக்கர ஒண்ணு விட்டு ஒண்ணா பிரிங்க, 1, 3, 5 ஒரு ஸ்விட்ச்ல, 2, 4, 6 இன்னொண்ணுல. ரெண்டு ஸ்விட்ச்சையும் வேற வேற எலக்ட்ரிக் சர்க்யூட்ல இருந்து கொடுங்க. ஒரு ஸ்விட்ச் செத்தா ஹால்ல எல்லா பக்கமும் பாதி ஸ்பீக்கர் பாடிட்டே இருக்கும், கூட்டத்துல பாதி பேருக்கு வித்தியாசமே தெரியாது. இடது பக்கம் எல்லாம் ஒரு ஸ்விட்ச், வலது பக்கம் எல்லாம் இன்னொண்ணுன்னு பிரிச்சா ஒரு பக்க ஜனங்களுக்கு மொத்தமா போயிடும். ஒரே செலவு, ஆனா விழும்போது எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

செட்டிங்: ஸ்விட்ச்சுக்குள்ள போய் என்னென்ன மாத்தணும்

மேனேஜ்டு ஸ்விட்ச் தான் வேணும். அன்மேனேஜ்டுல சின்ன செட்டப் ஓடும், ஆனா அதுல எதையும் மாத்த முடியாது, முக்கியமா முதல் விஷயத்த.

முதல் விஷயம் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், 802.3ஏஇசட். கரண்ட் மிச்சம் பண்ண லைன்ல டிராஃபிக் இல்லாதப்போ தூங்கிடும், பாக்கெட் வந்தா எழுந்திருக்கும். எழுந்திருக்கிற நேரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே நேரத்த சொல்ற கடிகார பாக்கெட் தள்ளாடும், ஸ்பீக்கர் ஒத்து போகாது. ஒவ்வொரு போர்ட்லயும் ஆஃப். க்ரீன் ஈதர்நெட், பவர் சேவிங்னு வேற பேர்லயும் ஒளிஞ்சிருக்கும், தேடி பிடிங்க.

அடுத்து கியூஓஎஸ், எந்த பாக்கெட் முதல்ல போகணும்ங்கிற வரிசை. கடிகார பாக்கெட் முதல்ல, ஆடியோ ரெண்டாவது, மத்ததெல்லாம் கடைசி. டான்டே ஒவ்வொரு பாக்கெட்லயும் டிஎஸ்சிபி முத்திரை குத்தி அனுப்புது, கடிகாரத்துக்கு 56, ஆடியோவுக்கு 46, கட்டுப்பாட்டுக்கு 0. ஸ்விட்ச் அந்த முத்திரைய நம்பணும், ட்ரஸ்ட் டிஎஸ்சிபின்னு செட்டிங் இருக்கும். 56 உச்ச வரிசைல, 46 அதுக்கு அடுத்த வரிசைல, ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டி. ஏஇஎஸ் 67 கலந்து ஓடினா ஜாக்கிரதை, அங்க கடிகாரத்துக்கு 46, ஆடியோவுக்கு 34, அதாவது இங்க ஆடியோ நம்பர் அங்க கடிகார நம்பர். ரெண்டும் சேரும்போது 34 ஆடியோ வரிசைக்கு கீழ விழுந்துடாம பார்த்துக்கோங்க.

இப்ப அந்த டிக் பாக்ஸ். அது ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் செட்டிங்ல இருக்கு. ஒரே சத்தம் நிறைய ஸ்பீக்கருக்கு போகணும்னா மல்டிகாஸ்ட் (ஒரு தடவை அனுப்பினதையே பல பேர் எடுத்துக்கிறது) தான் வழி, ஏன்னா அனுப்புற டிவைஸ் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி தனி ஃப்ளோவா அனுப்பினா அதுக்கு ஒரு எல்லை இருக்கு, ப்ரூக்ளின்ங்கிற டான்டே மாட்யூல்ல 32 ஃப்ளோ தான். மல்டிகாஸ்ட்ல ஸ்னூப்பிங் இல்லனா ஸ்விட்ச் அத எல்லா போர்ட்லயும் கொட்டும், 100 மெகாபிட் மட்டுமே இருக்கிற சின்ன ஸ்பீக்கர் அந்த வெள்ளத்துல மூழ்கும். அதனால ஸ்னூப்பிங் ஆன் பண்ணணும், அத எல்லாரும் பண்ணிடுறாங்க, நானும் பண்ணியிருந்தேன். பண்ணாதது என்னன்னா குவெரியர்.

ஸ்னூப்பிங் எப்படி வேலை செய்யுதுன்னா, ஸ்பீக்கர் எனக்கு இந்த ஸ்ட்ரீம் வேணும்னு ஒரு தடவை சொல்லும், ஸ்விட்ச் அத லிஸ்ட்ல எழுதி வச்சுக்கும். அந்த லிஸ்ட் நிரந்தரம் இல்ல. யாராவது ஒருத்தர் இடைவெளி விட்டு இன்னும் வேணுமா வேணுமான்னு கேட்டுட்டே இருக்கணும், அதுதான் குவெரியர், வழக்கமா 125 செகண்டுக்கு ஒரு தடவை கேக்கும். யாருமே கேக்கலனா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க, 260 செகண்ட் ஆனதும் ஸ்விட்ச் லிஸ்ட்ட அழிச்சிடும். 260 செகண்ட்னா நாலு நிமிஷம் இருபது செகண்ட். ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஸ்பீக்கர் புதுசா கேக்கும், மறுபடி நாலு நிமிஷம் ஓடும். கடிகார பாக்கெட்டும் மல்டிகாஸ்ட்தான், அதுவும் சேர்ந்து நிக்கும், அதான் மீதி ஸ்பீக்கர்ல டிக் டிக். அன்னைக்கு ராத்திரி இத கண்டுபிடிச்சப்போ சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

நடு ஸ்விட்ச்ல குவெரியர ஆன் பண்ணுங்க, அந்த ஸ்விட்ச்சுக்கு அந்த நெட்வொர்க்ல ஒரு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுங்க, சில ஸ்விட்ச்ல ஐபி இல்லனா குவெரியர் ஆன்ல இருந்தாலும் கேள்வி போகாது. ரெண்டு மூணு ஸ்விட்ச்ல ஆன் பண்ணாலும் சண்டை வராது, யாருக்கு ஐபி சின்னதோ அவர் ஜெயிப்பார், அதனால நடு ஸ்விட்ச்சுக்கே சின்ன நம்பர் வைங்க.

வி-லேன் பத்தி: ஆபீஸ் நெட்வொர்க், கேமரா எல்லாம் அதே ஸ்விட்ச்ல இருந்தா ஆடியோவுக்கு தனி வி-லேன் (ஒரே ஸ்விட்ச்சுக்குள்ள பிரிச்சு வைக்கிற தனி நெட்வொர்க்) போட்டுடுங்க. தனி ஸ்விட்ச்சே இருந்தா இன்னும் நிம்மதி. வைஃபை அக்சஸ் பாயிண்ட் ஒண்ணு அந்த நெட்வொர்க்ல இருந்தா மல்டிகாஸ்ட் அதுல கொட்டி வைஃபையே படுத்துடும், இதுவும் ஸ்னூப்பிங் சரியா இருந்தா தப்பிக்கும். டான்டே ஆடியோவ வைஃபைல அனுப்ப நினைக்காதீங்க, கண்ட்ரோல் மட்டும் ஓகே.

ஐபிக்கு பெருசா ஒண்ணும் இல்ல. டிஹெச்சிபி (ஐபிய தானா கொடுக்கிற வசதி) இருந்தா அதுல எடுத்துக்கும், இல்லனா 169.254ல தானா எடுத்துக்கும், ரெண்டும் ஓடும். ஆனா ஸ்பீக்கர் பாதி டிஹெச்சிபி, பாதி 169.254னு இருந்தா ஒண்ண ஒண்ணு பார்க்காது. ஸ்பீக்கர் போர்ட்ல ஸ்பானிங் ட்ரீய (லூப் வராம பார்க்கிற செட்டிங்) எட்ஜ் போர்ட்டா வைங்க, சொருகின உடனே எழுந்திருக்கும். ஜம்போ ஃப்ரேம் தேவை இல்ல.

பிஓஇ பக்கத்துல ரெண்டு செட்டிங். போர்ட் பிரையாரிட்டி, பட்ஜெட் தட்டினா யார முதல்ல வெட்டணும்னு. மேடை பக்கம் இருக்கிற, அவசர அறிவிப்பு வர்ற ஸ்பீக்கர கிரிட்டிக்கல்னு வைங்க, வராண்டா ஸ்பீக்கர லோன்னு. ரெண்டாவது பெர்பெச்சுவல் பிஓஇ, சில ஸ்விட்ச்ல மட்டும் இருக்கும், ஸ்விட்ச் ரீபூட் ஆனாலும் போர்ட்ல கரண்ட் நிக்காது. இது இல்லாத ஸ்விட்ச்ல ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணா எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்துல செத்து பிழைக்கும், நிகழ்ச்சி நாள்ல அந்த பட்டன் பக்கமே போகாதீங்க. ஆட்டோ அப்டேட் ஆன்ல இருந்தா ஆஃப்.

கடிகாரம்

நெட்வொர்க்ல ஒரு டிவைஸ் நேரம் சொல்லும், மத்ததெல்லாம் கேட்டு நடக்கும். டான்டே கண்ட்ரோலர் சாஃப்ட்வேர்ல கிளாக் ஸ்டேட்டஸ் டேப்ல பாருங்க, லீடர் ஒண்ணே ஒண்ணு தான் இருக்கணும். ரெண்டு தெரிஞ்சா நெட்வொர்க் எங்கயோ ரெண்டா உடைஞ்சிருக்கு, இல்லனா மேல சொன்ன குவெரியர் கதை. லீடரா தானா எது வேணா வரலாம், கடைசி மூலைல இருக்கிற ஸ்பீக்கர்கூட. அது வேணாம், மிக்ஸர் இல்ல டிஎஸ்பிக்கு பிரிஃபர்டு லீடர் டிக் போடுங்க, நடு ஸ்விட்ச்ல நேரா சொருகினதா, எப்பவும் ஆன்ல இருக்கிறதா இருக்கணும். நேரத்த கடத்துற முறைக்கு பிடிபின்னு பேர், டான்டே அதுல வெர்ஷன் 1, ஏஇஎஸ் 67 வெர்ஷன் 2, ரெண்டும் வேணும்னா டிவைஸ்ல ஏஇஎஸ் 67 மோட ஆன் பண்ணி அதுவே பாலமா நிக்கணும்.

டெஸ்ட் பண்றது, ரெண்டு நிமிஷம் இல்ல

குறைஞ்சது ஒரு மணி நேரம் பலமா பாட்டு போடுங்க, எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து. ஓடும்போது ஸ்விட்ச்சோட பிஓஇ பக்கத்த திறந்து மொத்த வாட் எவ்வளவு ஏறுதுன்னு குறிச்சு வைங்க, பட்ஜெட்ல முக்கால்வாசிக்கு கீழ இருந்தா சந்தோஷம். டான்டே கண்ட்ரோலர்ல லேட்டன்சி வரைபடத்த பாருங்க, பச்சை ஒரே இடத்துல குவிஞ்சிருந்தா நல்லது, வலது பக்கம் வால் நீண்டா எங்கயோ ஒரு ஸ்விட்ச் தடுமாறுது.

அப்புறம் வேணும்னே உடைங்க. லீடர் டிவைஸோட கேபிள புடுங்குங்க, வேற ஒண்ணு பொறுப்பெடுக்கணும். ஒரு ஸ்விட்ச்சோட கரண்ட புடுங்குங்க, மீதி பாதி பாடுதா, திரும்ப கொடுத்தா யாரும் தொடாம எல்லாம் தானா வருதான்னு பாருங்க. எவ்வளவு நேரத்துல வருதுன்னு கடிகாரம் பார்த்து எழுதுங்க, நிகழ்ச்சில ஆனா எத்தனை நிமிஷம் முழிக்கணும்னு அப்பவே தெரிஞ்சுடும்.

யுபிஎஸ், ஸ்பேர்

பிஓஇல ஒரு நல்லது, ஒரு ஸ்விட்ச்சுக்கு யுபிஎஸ் போட்டா அதுல தொங்குற எல்லா ஸ்பீக்கருக்கும் போட்ட மாதிரி. கணக்கு போடும்போது பிஓஇ வாட்ட மட்டும் எடுக்காதீங்க. ஸ்பீக்கருக்கு 300 வாட் போகுதுன்னா ஸ்விட்ச்சே தனக்குன்னு ஒரு 40 எடுக்கும்னு வைங்க, 340, பவர் சப்ளைல பத்துல ஒரு பங்கு சூடா போகும், சுவர்ல இருந்து கிட்டத்தட்ட 380. யுபிஎஸ் பெட்டில பெருசா போட்டிருக்கிறது விஏ, வாட் இல்ல, வாட் நம்பர் அதுக்கு கீழ சின்னதா இருக்கும், அத பாருங்க. மிக்ஸரும் டிஎஸ்பியும் யுபிஎஸ்ல இல்லனா ஸ்பீக்கர் மட்டும் உயிரோட இருந்து என்ன பிரயோஜனம், அதையும் சேருங்க. ராக்ல காத்து போக வழி விடுங்க, 300 வாட் பிஓஇ கொடுக்கிற ஸ்விட்ச் மேல இன்னொரு பெட்டிய ஒட்டி வச்சா ஃபேன் கத்தும், அப்புறம் சூடு தாங்காம போர்ட்ட வெட்டும்.

எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் ஸ்விட்ச்சோட கான்ஃபிக் ஃபைல டவுன்லோட் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க. சேவ் பண்ணாம ஓடிட்டு இருக்கிற கான்ஃபிக் அடுத்த கரண்ட் கட்ல காணாம போகும், பல ஸ்விட்ச்ல அப்ளை வேற, சேவ் வேற. முடிஞ்சா அதே மாடல் ஸ்பேர் ஸ்விட்ச் ஒண்ணுல அந்த ஃபைல ஏத்தி, கேபிள் எந்த போர்ட்ல இருந்துச்சுன்னு லேபிள் ஒட்டி, ராக்குக்குள்ளயே வச்சிடுங்க. லேபிள்ல ஸ்பீக்கர் நம்பர் மட்டும் போதாது, எந்த இடம், எத்தனை வாட் கிளாஸ், எந்த எம்சிபி, இந்த மூணும் எழுதுங்க. என் ராக் கதவுல உள்பக்கம் ஒட்டியிருக்கிற பேப்பர்ல முதல் வரி குவெரியர் ஐபி, சிவப்பு பேனால.